'வேண்டாம்' என்று சொல்லத் தெரிந்த ஆசான்

தண்ணீரின் மேல் நடப்பது சித்தர்களுக்கு மட்டுமே கைவந்த வித்தை என்று நம் பாட்டிமார் கதை சொல்வார்கள். மந்திரம் வேண்டாம், தந்திரம் வேண்டாம், ஒரு மோட்டார் படகும் ஒரு கயிறும் இருந்தால் நாங்களும் செய்து காட்டுகிறோம் என்கிறார்கள் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் உள்ள பள்ளிக்கூடப் பிள்ளைகள். படகு பாய்ந்து செல்கிறது. அதன் பின்னால் கயிற்றைப் பிடித்தபடி பன்னிரண்டு வயதுப் பொடியன் ஒருவன் நிமிர்ந்து வருகிறான். காலில் சறுக்குக் கட்டை கிடையாது, வெறுங்கால். அந்த இரு பாதங்களும் ஏரியைக் கிழித்துக்கொண்டு போகின்றன. இரு பக்கமும் தண்ணீர் விசிறியாக எழும்புகிறது. சட்டென்று பையன் திரும்புகிறான். இப்போது அவன் முதுகு படகைப் பார்க்கிறது. பின்பக்கமாகவே போகிறான்! பார்க்கிறவர்களுக்கு மூச்சு நின்றுவிடும்.

இதுதான் வெறுங்கால் நீர்ச் சறுக்கு. ஏரிக்கரை வேடிக்கை என்று நினைத்துவிடாதீர்கள். இதற்கு உலகச் சாம்பியன் போட்டி உண்டு. பெரியவர்களுக்கு ஒரு பிரிவு என்றால், சிறுவர் சிறுமியருக்கும் தனிப் பிரிவு உண்டு. அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூஜிலாந்து, பிரிட்டன், ஜெர்மனி, கனடா, தென்னாப்பிரிக்கா முதலிய தேசங்களிலிருந்து குழுக்கள் வருகின்றன. பிள்ளைகளின் குழு என்றால் அதை அழைத்து வர ஒரு பயிற்சியாளர் வேண்டும் அல்லவா? அந்த மனிதரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அவர் ஊர் திரும்பி விமானத்தை விட்டு இறங்கியதும் எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "எத்தனை பதக்கம்?" அந்தக் கேள்வியே தவறு என்பது என் கட்சி. "அழைத்துச் சென்ற பிள்ளைகளில் எத்தனை பேர் அடுத்த வருஷமும் ஆசையோடு தண்ணீரில் இறங்கினார்கள்?" என்று கேட்க வேண்டும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பது, இந்த விளையாட்டின் உள் விவகாரம் தெரிந்தால் விளங்கும்.

பிள்ளைகள் கண்ட விளையாட்டு

நீர்ச் சறுக்கைக் கண்டுபிடித்தவர் பெரிய விஞ்ஞானி அல்ல. ரால்ப் சாமுவேல்சன் என்ற பதினெட்டு வயது இளைஞர். அமெரிக்காவில் மின்னசோட்டா மாகாணத்தில் லேக் சிட்டி என்று ஓர் ஊர். அதன் அருகே பெப்பின் ஏரி. பனியின் மேல் சறுக்க முடியுமானால் தண்ணீர் மேல் ஏன் சறுக்கக்கூடாது என்று அவருக்குத் தோன்றியது. முதலில் பீப்பாய்ப் பலகைகளைக் காலில் கட்டிப் பார்த்தார், மூழ்கினார். பனிச் சறுக்குக் கட்டைகளைக் கட்டிப் பார்த்தார்; மறுபடியும் மூழ்கினார். கடைசியில் நீளமான பலகை இரண்டை வாங்கி, முனையை வெந்நீரில் ஊற வைத்து மேல்நோக்கி வளைத்தார். படகைச் சகோதரர் ஓட்டினார். 1922 ஜூலை 2ந் தேதி, உடம்பைப் பின்னே சாய்த்துக் கட்டையின் மூக்கைத் தண்ணீருக்கு மேலே தூக்கி வைத்தபோது, பலகை மிதந்தது, ரால்ப் நின்றார். மறுநாள் அவருக்குப் பத்தொன்பதாவது பிறந்த நாள்!

கட்டையையும் உதறிவிட்டுக் காலாலேயே சறுக்கலாமே என்ற யோசனை 1947ல் வந்தது. ஃப்ளாரிடா மாகாணத்து வின்ட்டர் ஹேவன் நகரில் 'சைப்ரஸ் கார்டன்ஸ்' என்ற உல்லாசத் தோட்டம் இருந்தது. நீர்ச் சறுக்குக் காட்சிகளுக்குப் பேர் போன இடம். அந்த ஊரில்தான் ஏ. ஜி. ஹான்காக் என்ற பதினேழு வயதுப் பையன் முதன்முதலில் வெறுங்காலில் நின்றான். தோட்டத்துச் சொந்தக்காரரின் மகன் டிக் போப் ஜூனியர் அதைப் பலரும் பார்க்கச் செய்து காட்டிப் புகழ் பெற்றார். பிறகு இந்தப் பித்து ஆஸ்திரேலியாவைப் பிடித்துக்கொண்டது. முதல் உலகச் சாம்பியன் போட்டி 1978ல் ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவில் நடந்தது.

ஆக, ஆரம்பத்திலிருந்தே இது இளசுகளின் விளையாட்டு. பெரியவர்கள் பின்னால் வந்து விதி எழுதினார்கள், மதிப்பெண் வகுத்தார்கள், பதக்கம் செய்தார்கள். ஆகவே பிள்ளைகளிடம் துணிச்சல் போதவில்லையே என்று எந்தப் பயிற்சியாளரும் கவலைப்பட வேண்டியதில்லை. அது அவர்களிடம் தேவைக்கு மேலேயே இருக்கிறது. அவர்களிடம் இல்லாத சரக்கு வேறு. அதை ஆசான்தான் கொண்டு வர வேண்டும்.

எடைக்கு ஏற்ற வேகம்

பாதம் எப்படித் தண்ணீரில் மிதக்கிறது? சறுக்குக் கட்டைக்கு அகலம் உண்டு. அது மெதுவாகப் போனாலும் ஆளைத் தாங்கும். பாதம் சிறியது. அது ஆளைத் தாங்க வேண்டுமானால் வேகம் வேண்டும். வேகமாகப் போகப் போகத் தண்ணீர் தரை போலக் கெட்டியாகிக் காலைத் தாங்குகிறது. எத்தனை வேகம் என்பதற்கு இந்த விளையாட்டுக்காரர்கள் ஒரு சுலபமான கணக்கு வைத்திருக்கிறார்கள். உங்கள் எடையை ராத்தலில் எழுதி, பத்தால் வகுத்து, இருபதைக் கூட்டுங்கள். அத்தனை மைல் வேகம். 180 ராத்தல் எடையுள்ள ஆசாமிக்கு மணிக்கு 38 மைல், அதாவது சுமார் 61 கிலோமீட்டர். 80 ராத்தல் எடையுள்ள சிறுவனுக்கு மணிக்கு 28 மைல், அதாவது சுமார் 45 கிலோமீட்டர் போதும்.

இதனால்தான் பிள்ளைகள் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள். எடை குறைவு, வேகம் குறைவு, விழுந்தால் அடியும் குறைவு. ஆனால் இந்தக் கணக்கிலேயே ஒரு கண்ணி இருக்கிறது. தண்ணீர் எந்த வேகத்தில் தரையாகிக் காலைத் தாங்குகிறதோ, அதே வேகத்தில் விழுகிறவன் முகத்துக்கும் அது தரைதான். கால் விரல் ஒன்று தண்ணீரில் புதைந்தால் போதும். முகம் முதலில் தண்ணீரில் அறையும். பின்பக்கமாகப் போகும்போது குதிகால் மாட்டிக்கொண்டால் பின் மண்டையில் அறை விழும். 'ஆனைக்கும் அடி சறுக்கும்' என்பது நம் பழமொழி. அடி சறுக்குவதையே தொழிலாகக் கொண்ட விளையாட்டில் விழாமல் இருப்பவர் யார்?

கெட்டிக்கார ஆசான் அதனால்தான் நிற்கக் கற்றுக் கொடுக்கும் முன்பே விழக் கற்றுக் கொடுக்கிறார். பிள்ளைக்கு மெத்தை வைத்த, தண்ணீரில் மிதக்கக்கூடிய தடித்த ரப்பர் உடுப்பு மாட்டுகிறார். நீண்ட கயிற்றை உடனே கையில் கொடுப்பதில்லை. படகின் பக்கவாட்டில் ஒரு கம்பத்தை நீட்டிக் கட்டுகிறார்கள். 'பூம்' என்று அதற்குப் பெயர். பிள்ளை முதலில் அந்தக் கம்பத்தையே பிடித்துக்கொண்டு சறுக்குகிறான். ஆசான் அவன் பக்கத்திலேயே, கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார். "முழங்காலை மடக்கு, விரலைத் தூக்கு, நிமிர்ந்து பார்" என்று அவர் சொல்வது அவன் காதில் விழுகிறது. அது பழகிய பிறகு கம்பத்தில் சிறு கயிறு. அப்புறம்தான் படகுக்குப் பின்னால் போகும் நீண்ட கயிறு. நடை வண்டி, அம்மாவின் விரல், பிறகு தனி நடை என்று குழந்தை நடை பழகும் வரிசையேதான் இதுவும்.

அந்த வரிசையில் ஒரு படியைத் தாண்டிக் குதிக்கத்தான் பிள்ளைகளுக்கு ஆசை. 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்று சொல்லிப் பிடித்து வைப்பதுதான் ஆசானுக்கு முதல் வேலை.

பதினைந்து விநாடிப் பரீட்சை

போட்டியில் மூன்று அங்கங்கள். ஒன்று, படகு கிளப்பும் அலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகக் கடந்து கடந்து போவது. இரண்டாவது, வித்தைகள்: ஒற்றைக் காலில் நிற்பது, சுழல்வது, கயிற்றைக் காலில் மாட்டிக்கொண்டு போவது, இப்படிப் பல. இந்த இரண்டிலும் ஒவ்வொருவருக்கும் இரண்டு ஓட்டம். ஓட்டத்துக்குப் பதினைந்தே விநாடி. விழுந்தால் அந்த ஓட்டம் அதோடு முடிந்தது. மூன்றாவது, தாண்டுதல். தண்ணீரில் மிதக்கும் பதினெட்டு அங்குல உயரச் சாய்வு மேடையில் ஏறிக் காற்றில் பறந்து மறுபடியும் தண்ணீரில் இறங்க வேண்டும். மூன்று தடவை தாண்டலாம். சிறந்தது கணக்கில் சேரும்.

பெரியவர்கள் இதில் செய்யும் சாகசத்தைக் கேட்டால் மலைத்துப் போவீர்கள். அமெரிக்கர் கீத் செயின்ட் ஆஞ்ச் 2006ல் இரண்டு ஓட்டத்திலுமாக, முப்பது விநாடியில், இருபது தடவைக்கு மேல் அலையைக் கடந்தார். பிரிட்டிஷ்காரர் டேவிட் ஸ்மால் 2010ல் ஜெர்மனியில் உள்ள பிராண்டன்பர்க்கில் 29.9 மீட்டர் தாண்டினார். ஏறத்தாழ நூறு அடி, வெறுங்காலில்! தாண்டுவதிலும் இரண்டு விதம். உட்கார்ந்தாற்போல் இறங்கிப் பிறகு எழுந்து நிற்பது பழைய முறை. காலைப் பின்னே வீசித் தலை முன்னே போகப் பறந்து, கடைசி நேரத்தில் காலைக் கீழே கொண்டு வருவது மற்றொன்று. 1980களின் பிற்பகுதியில் அமெரிக்கர் மைக் சைப்பல் இதைப் பிரபலப்படுத்தினார். இதில் தூரம் அதிகம். தவறினால் அடியும் அதிகம்.

பிள்ளைகள் இந்த வீரர்களின் படங்களைப் பார்த்து வளர்கிறார்கள். உலகப் போட்டி என்றால் அந்த வீரர்களையே நேரில், அதே கரையில் பார்க்கிறார்கள். காலையில் வீரர் தாண்டுவதைப் பார்த்த பையன், மத்தியானம் தானும் அப்படித் தாண்டலாம் என்று நினைப்பது இயற்கை. வீட்டு ஏரியில் ஒரு தடவைகூடச் சரியாக வராத வித்தை, அந்நிய ஏரியில், ஆயிரம் கண்கள் பார்க்கும்போது எப்படி வரும்? போட்டி நாளில் புது வித்தை கூடாது என்ற விதியைப் பயிற்சியாளர் கல்வெட்டாக வெட்டி வைக்க வேண்டும்.

கரையில் நிற்கும் ஆசான்

ஊரில் பயிற்சியின்போது படகை ஓட்டுகிறவர் பெரும்பாலும் ஆசான்தான். பிள்ளை தடுமாறினால் வேகத்தைக் குறைப்பார். முகம் வாடினால் படகை நிறுத்தி ஒரு வார்த்தை பேசுவார். உலகப் போட்டியில் படகை ஓட்டுவது போட்டி அதிகாரிகள் நியமித்த ஓட்டுநர். ஆசான் கரையில் நிற்கிறார். அவர் கத்தினாலும் எஞ்சின் சத்தத்தில் பிள்ளைக்குக் கேட்காது. பிள்ளைக்கும் உலகத்துக்கும் உள்ள தொடர்பு அப்போது அந்தக் கயிறு ஒன்றுதான். அதன் மறுமுனை ஆசான் கையில் இல்லை.

பிறகு அவருக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கிறீர்களா? தலைக்கு மேல் வேலை. வெறுங்காலுக்குக் கண்ணாடி போன்ற தண்ணீர் வேண்டும். சிற்றலை எழுந்தாலும் பாதம் துள்ளும். ஆகவே காற்றைப் பார்க்க வேண்டும். சின்ன உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும். முறை வரும் வரை பிள்ளையைக் கம்பளியில் சுற்றி வைக்க வேண்டும். ஆகஸ்டில் ஐரோப்பாவில் போட்டி என்றால் ஆஸ்திரேலிய, நியூஜிலாந்துப் பிள்ளைகள் தங்கள் ஊர்க் குளிர்காலத்தில் பயிற்சி செய்துவிட்டு வந்திருப்பார்கள். நேரம் மாறிய தேசத்தில் தூக்கம் வராது, சாப்பாடு இறங்காது. இரவில் அம்மாவை நினைத்து அழும் குழந்தையும் குழுவில் உண்டு. முதல் ஓட்டத்தில் இரண்டாம் விநாடியிலேயே விழுந்துவிட்டு, இரண்டாம் ஓட்டத்துக்குள் மனத்தைத் தேற்றிக்கொள்ள வேண்டிய பிள்ளையும் உண்டு. அதனிடம் குறைகளைப் பட்டியல் போடுகிற ஆசான் அந்த ஓட்டத்தையும் கெடுத்துவிடுவார். 'விரலைத் தூக்கு' என்று ஒன்றே ஒன்றைச் சொல்லி அனுப்புகிறவர் பிழைக்கத் தெரிந்தவர்.

இவற்றையெல்லாம் தாய்போல் செய்கிற பயிற்சியாளர்கள் அநேகர் என்றுதான் நம்புகிறேன். ஒலிம்பிக்கில் இந்த விளையாட்டுக்கு இடமில்லை. பணமும் புகழும் கொட்டுகிற துறை அன்று. பிரியத்தால்தான் வருகிறார்கள். ஆனால் ஒரு பரீட்சை இருக்கிறது. பிரியமுள்ளவர்களும் அதில் தோற்றுவிடுவதுண்டு.

கை உயர்ந்தால் போதுமா?

நீர்ச் சறுக்கில் பேச்சு கிடையாது, சைகைதான். கட்டை விரல் மேலே காட்டினால் வேகத்தைக் கூட்டு. கீழே காட்டினால் குறை. தலையைத் தட்டினால் கரைக்குத் திரும்பு. விழுந்தவன் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே கோத்து உயர்த்தினால் 'எனக்கு ஒன்றுமில்லை' என்று அர்த்தம். அந்தக் கைகள் உயர்ந்ததும் கரையில் உள்ளவர்கள் பெருமூச்சு விட்டுக் கை தட்டுவார்கள்.

அந்தச் சைகையை ஆசான் நம்பலாமா? மூளை அதிர்ச்சி கண்ட பிள்ளையும் கையை உயர்த்தும். மூளை அதிர்ச்சி என்றால் நினைவு தப்ப வேண்டும் என்பதில்லை. ரத்தம் வர வேண்டும் என்பதும் இல்லை. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், கேட்ட கேள்விக்குத் தாமதமாகப் பதில், இவைதான் அடையாளம். சில சமயம் மணிக்கணக்கில் கழித்தே தெரியும். தலைக் கவசம் மண்டை உடையாமல் காக்கும். உள்ளே மூளை குலுங்குவதைத் தடுக்காது. அது ஆறும் முன் மறுபடியும் அடி விழுந்தால், அபூர்வமாக மூளை வீங்கி உயிருக்கே ஆபத்தாகிவிடுகிறது. இப்படி ஆனவர்களில் பெரும்பாலோர் இளம் வயதினர்.

வேறொரு விளையாட்டில் நடந்தது இது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாகாணத்தில் 2006ல் ஸாக்கரி லிஸ்டெட் என்ற பதின்மூன்று வயதுப் பையன் பள்ளிக்கூடக் குழுவில் அமெரிக்கக் கால்பந்து ஆடினான். ஆட்டத்தின் முற்பாதியில் விழுந்து தலையில் அடிபட்டது. சற்று ஓய்வுக்குப் பின் மறுபடியும் களத்தில் இறங்கினான். ஆட்டம் முடிந்ததும் சுருண்டு விழுந்தான். மூளையில் ரத்தக் கசிவு. உயிர் பிழைத்தான், ஆனால் மீண்டும் ஒரு வார்த்தை பேச மாதக்கணக்கில் ஆயிற்று. நடப்பதற்கு வருஷக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. அவனுடைய பெற்றோரும் டாக்டர்களும் சும்மா இருக்கவில்லை. 2009ல் அந்த மாகாணத்தில் அவன் பெயராலேயே சட்டம் வந்தது. தலையில் அடி என்று சந்தேகம் வந்தாலே பிள்ளையைக் களத்திலிருந்து வெளியேற்ற வேண்டும். தகுதியுள்ள மருத்துவர் எழுத்து மூலம் அனுமதி தரும் வரை மறுபடியும் ஆட விடக்கூடாது. 2014க்குள் அமெரிக்காவின் ஐம்பது மாகாணங்களிலும் இத்தகைய சட்டம் வந்துவிட்டது. 2008ல் ஸூரிச் நகரில் கூடிய சர்வதேச நிபுணர்களும், மூளை அதிர்ச்சி கண்ட சிறுவர்களை அதே நாளில் மறுபடியும் ஆட விடலாகாது என்று தெளிவாகச் சொன்னார்கள்.

மூன்று வாதங்கள்

இனி அந்தப் பரீட்சை என்ன என்று பாருங்கள். தாண்டும் போட்டி. குழுவின் மொத்த மதிப்பெண்ணில் மூன்றாம் இடத்துக்கும் நாலாம் இடத்துக்கும் மயிரிழை வித்தியாசம். பதினான்கு வயதுப் பெண் இரண்டாம் தாண்டலில் முகம் குப்புற விழுகிறாள். கைகளை உயர்த்துகிறாள். கரைக்கு வந்தவள், "ஒன்றுமில்லை, இன்னொரு தடவை தாண்டுகிறேன்" என்கிறாள். கண் சற்றே மங்கியிருக்கிறது. இன்னொரு தடவை தாண்டினால் பதக்கம். பயிற்சியாளர் என்ன செய்ய வேண்டும்?

"வேண்டாம்" என்று சொல்ல வேண்டும். நாலாம் இடத்தோடு ஊர் திரும்ப வேண்டும். லாபத்துக்கு ஆசைப்பட்டு முதலுக்கே மோசம் செய்துகொள்ளக்கூடாது என்பதை நம் ஊர்ச் சில்லறைக் கடைக்காரரும் அறிவார். இங்கே முதல் என்பது ஒரு குழந்தையின் மூளை.

"இத்தனை செலவு செய்து, கடல் கடந்து வந்துவிட்டு விடுவதா?" என்று சிலர் கேட்பார்கள். பெற்றோர் சேமித்த பணம், ஊரில் வசூலித்த நன்கொடை எல்லாம் உண்மைதான். ஆனால் செலவான பணம், தாண்டினாலும் தாண்டாவிட்டாலும் திரும்பி வரப்போவதில்லை. போன பணத்தைக் காட்டிப் போகாத உயிரைப் பணயம் வைப்பது என்ன நியாயம்?

"பிள்ளையே ஆசைப்படுகிறாளே, தடுக்கலாமா?" என்பது இரண்டாவது வாதம். இதுதான் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் சத்தில்லாதது. அடிபட்டது எந்த உறுப்போ, அந்த உறுப்பைக் கொண்டுதான் அவள் 'ஒன்றுமில்லை' என்று தீர்மானிக்கிறாள். குழுவைக் கைவிட்டதாகப் பேர் வருமே என்ற பயமும் அவளுக்கு உண்டு. அந்தப் பாரத்தைப் பதினான்கு வயதுத் தோளில் ஏற்றிவிட்டு, 'அவளே கேட்டாள்' என்று சொல்லித் தப்பித்துக்கொள்வது பெரியவர்களுக்கு அழகல்ல.

மூன்றாவது வாதம் கொஞ்சம் கனமானது. "இப்படிப் பொத்திப் பொத்தி வளர்த்தால் தைரியம் எப்படி வரும்? விழாமல் யார் கற்றார்கள்?" என்கிறார்கள். விழட்டும், நூறு தடவை விழட்டும். நான் அதற்கு விரோதி அல்ல. இந்த விளையாட்டின் அழகே அதில்தான் இருக்கிறது. முழங்கால் சிராய்ப்பும், மூக்கில் ஏறிய தண்ணீரும், கை உளைச்சலும் பிள்ளைக்குப் பாடம். மூளை அதிர்ச்சி பாடம் அல்ல; அதிலிருந்து எந்தப் பிள்ளையும் எதையும் கற்பதில்லை. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவருக்குத்தான் ஆசான் என்று பெயர். பெரியவர் ஒருவர் பதக்கத்தைக் கையால் ஒதுக்கிவிட்டுத் தன்னைக் காப்பாற்றினார் என்று கண்ட பிள்ளைக்கு, அடுத்த முறை அவர் 'போ, உன்னால் முடியும்' என்று சொல்லும்போது எத்தனை நம்பிக்கை பிறக்கும்! தைரியம் அங்கிருந்துதான் வருகிறது.

என்ன அவசரம்?

இந்த விளையாட்டிலேயே இதற்கு ஒரு சாட்சி உண்டு. 'பனானா ஜார்ஜ்' என்று செல்லப் பெயர் பெற்ற ஜார்ஜ் பிளேர். எப்போதும் வாழைப்பழ மஞ்சளில் உடுப்பு அணிந்ததால் அந்தப் பெயர். 1915ல் பிறந்தவர். வெறுங்காலில் சறுக்கக் கற்றுக்கொண்டபோது அவருக்கு வயது நாற்பத்தாறு! எண்பது வயதுக்கு மேலும் வெறுங்காலில் சறுக்கினார். அண்டார்ட்டிக்கா உள்பட ஏழு கண்டங்களிலும் சறுக்கிக் காட்டினார். 2013ல் தொண்ணூற்றெட்டாம் வயதில் காலமானார்.

நாற்பத்தாறில் ஆரம்பித்தவருக்கே நாற்பது வருஷம் கிடைத்தது என்றால், பதினான்கு வயதுப் பிள்ளைக்கு எத்தனை வருஷம் காத்திருக்கிறது? ஒரு தாண்டல் போனால் என்ன? ஒரு பதக்கம் போனால் என்ன? ஏரி எங்கும் ஓடிவிடாது.

செய்ய வேண்டியது

நல்ல மனசு மட்டும் போதாது; ஏற்பாடு வேண்டும். போட்டி நாளின் பரபரப்பில் யோசித்து முடிவு செய்யலாம் என்று விட்டுவைத்தால் முடிவு பெரும்பாலும் பதக்கத்தின் பக்கமே சாயும். ஆகவே ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே பெற்றோரையும் பிள்ளைகளையும் ஒன்றாக உட்கார வைத்து விதியைச் சொல்லிவிட வேண்டும்: தலையில் அடி என்று சந்தேகம் வந்தால் அன்றைய போட்டி முடிந்தது, பேரம் கிடையாது, அழுகை பலிக்காது. முன்பே தெரிந்த விதியில் யாருக்கும் அவமானம் இல்லை.

இரண்டாவது, அந்தத் தீர்ப்பைப் பயிற்சியாளர் ஒருவர் தலையிலேயே சுமத்தக்கூடாது. அவரும் மனிதர். அவருக்கும் பதக்க ஆசை இருக்கும். வெற்றி தோல்வியில் பங்கில்லாத ஒரு டாக்டர் கரையில் இருக்க வேண்டும். 'கூடாது' என்று அவர் சொன்னால் மேல்முறையீடு இருக்கக்கூடாது.

மூன்றாவது, விலக்கப்பட்ட பிள்ளையைத் தனியே அறையில் விட்டுவிட்டுக் குழு கொண்டாடப் போகக்கூடாது. அவளருகே ஒருவர் இருந்து கவனிப்பது வைத்தியத்துக்கும் அவசியம், மனத்துக்கும் அவசியம். உடம்பு தேறியிருந்தால், கடைசி நாளில் குழுவின் கொடியை அவள் கையில் கொடுங்கள்.

நான்காவது, நம்மைப் போன்ற பத்திரிகைக்காரர்களுக்கும் பொது ஜனங்களுக்கும். தங்கம் இத்தனை, வெள்ளி இத்தனை என்று கட்டம் போட்டு அச்சிடுவதில் தவறில்லை. பிள்ளைகளின் போட்டி என்றால் அந்தக் கட்டத்தின் கீழே இன்னும் ஒரு வரி சேர்த்துவிடலாம்: 'குழுவினர் அனைவரும் நலமாக ஊர் திரும்பினர்.' பயிற்சியாளர் விமானத்தை விட்டு இறங்கும்போது முதலில் அவரிடம் இதைக் கேளுங்கள். பதக்கக் கணக்கை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.